மரமல்லியா, ஊதா மந்தாரையா?

கோடையில் பூக்கும் மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோடை கழிந்து, மற்ற மரங்களெல்லாம் வெறும் பச்சையாக நிற்கும் மாதங்களில் பூக்கும் மரம் வேண்டும் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெப்பமண்டலத் தோட்டத்துக்கு என்னைக் கேட்டால் முதலில் இரண்டைச் சொல்வேன்: மரமல்லி, ஊதா மந்தாரை. இரண்டும் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் பூக்கின்றன. மரமல்லி கோடையிலும் ஒருமுறை பூப்பதுண்டு. பருவம் ஒத்துப்போனாலும் குணத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மரமல்லி (மில்லிங்டோனியா ஹார்ட்டென்சிஸ்) நெடுநெடுவென்று வளர்வது. 18 முதல் 25 மீட்டர் வரை போகும். ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் முழு வளர்ச்சியை எட்டிவிடும். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வடிவம் புரியும்: மெல்லிய, நீண்ட வெள்ளைக் குழல், நுனியில் மட்டும் விரிந்த இதழ்கள். குழல் அத்தனை நீளம் என்பதால் நாரே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிவிடலாம். மணம் இரவில்தான் எழும். குழலின் அடியில் இருக்கும் தேனை எட்டுமளவு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. விடிந்ததும் பார்த்தால் மரத்தடி முழுக்க வெள்ளை விரித்திருக்கும். வாசலைப் பெருக்குகிறவருக்கு இந்த அழகு இரண்டாவது வாரத்தில் அலுத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருக்குவது சின்னத் தொல்லைதான். உண்மையான சிக்கல் மரத்தின் உடலில் இருக்கிறது. கட்டை மென்மையானது, பலத்த காற்றில் கிளை முறியும். தக்கை போன்ற பட்டையைப் பார்த்து உறுதியான மரம் என்று நம்பிவிடக் கூடாது. போதாததற்கு வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். விதை அரிதாகப் பிடிக்கும் இடங்களில் இந்தக் கன்றுகளை வைத்தே மரத்தை இனப்பெருக்கம் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் எட்டு, பத்து மீட்டராவது தள்ளி வைக்க இடமில்லை என்றால் மரமல்லி ஆசையை விட்டுவிடுவது நல்லது.

ஊதா மந்தாரை (பாஹினியா பர்பூரியா) அடக்கமான மரம். பெரும்பாலும் 5 முதல் 12 மீட்டருக்குள் நின்றுவிடும். ஒட்டகக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை. பூ பெரிது, பகலில் கண்ணுக்குத் தெரியும்படி பூக்கும். மணம் உண்டு, ஆனால் மரமல்லியோடு போட்டிபோடும் மணமல்ல. விதையிலிருந்து வளர்த்தாலும் சில ஆண்டுகளிலேயே பூத்துவிடும். குறை என்றால் காய்தான். நீண்ட தட்டைக் காய்கள் முற்றி வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். சில நாடுகளில் இது களையாகவே பரவிவிட்டது.

வாங்கும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மந்தாரை என்று கேட்டால் அதன் உறவான பாஹினியா வெரிகேட்டாவைக் கொடுத்துவிடலாம். அது இலையுதிர்த்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் பூப்பது. நமக்கு வேண்டிய பருவமே தவறிவிடும். பூத்திருக்கும் தாய்மரத்தைப் பார்க்க முடிந்தால் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். வளமான தாள்கள், அதாவது நுனியில் மகரந்தப் பை உள்ளவை, மூன்று என்றால் பெரும்பாலும் பர்பூரியா. ஐந்து என்றால் வெரிகேட்டா. பர்பூரியாவின் இதழ்கள் ஒடுங்கி, இடையில் சந்துவிட்டும் இருக்கும்.

பர்பூரியா, வெரிகேட்டா இரண்டின் கலப்பில் பிறந்ததுதான் ஹாங்காங் அரசின் கொடியில் இருக்கும் பாஹினியா பிளேக்கியானா. நவம்பரில் தொடங்கி மார்ச் வரைகூடப் பூக்கும். மலட்டு மரம் என்பதால் காய்த் தொல்லை கிடையாது. ஆனால் ஒட்டு, பதியம் போன்ற வழிகளில் வளர்த்த கன்றாகத்தான் கிடைக்கும். கிடைத்தால் சிறிய தோட்டத்துக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன். இல்லையென்றால் ஊதா மந்தாரை.

வளர்ப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல வெயில், நீர் தேங்காத மண், முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தவறாத தண்ணீர். உறைபனி இளங்கன்றுகளுக்கு ஆகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மந்தாரையின் இலை மஞ்சளடிக்கும். மந்தாரையைக் கவாத்து செய்ய ஏற்ற நேரம் பூ ஓய்ந்த உடனேதான். அடுத்த பூப்பருவம் நெருங்கும்வரை தள்ளிப்போட்டால் மொட்டு வைக்க வேண்டிய தளிர்களே கத்தரிக்குப் போய்விடும்.