தோட்டக் கோயிலுக்கு எது காவல்: மரபுடைமைப் பதிவா, நிலப் பட்டாவா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு தோட்டம் கைமாறுகிறது என்றாலே, அங்குள்ள கோயிலை எது காக்கும் என்ற பேச்சு எழும்.

2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி ஓர் இடத்தை மரபுடைமையாகப் பதியும்படி யார் வேண்டுமானாலும் மரபுடைமை ஆணையரிடம் முன்மொழியலாம். நிலம் நம் பெயரில் இருக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்களாக லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை. பதிவானபின் அனுமதியின்றி யாரும் இடிக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நமக்கும்தான்: பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு இஷ்டத்துக்குக் கோபுரம் எழுப்ப முடியாது. பதிவில்லாத இடத்தின் கதியைப் பக்கத்திலேயே பார்த்தோம். பூஜாங் பள்ளத்தாக்கில் தனியார் நிலத்தில் இருந்த, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான 11ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயிலின் எச்சத்தை) 2013இல் மேம்பாட்டுக்காக இடித்துவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

பட்டா என்றால் தோட்ட நிர்வாகம் நிலத்தைப் பிரித்துத் தர இசைய வேண்டும், மாநில நில அலுவலகமும் ஒப்ப வேண்டும். கிடைத்தால் திருப்பணி நம் கையில். ஆனாலும் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தால் அரசு இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான கோயில்களுக்குப் பட்டாதான் சரி என்பேன். மணியில் ஆண்டு பொறித்த, பழைய கட்டடம் மாறாத கோயிலென்றால், நிலம் விலைபோகும் முன்பே முன்மொழிந்துவிடுங்கள்.