சூப்பர்வைசர்களுக்கான ஒருநாள் பயிற்சி, வேலூர்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பயிற்சிக் கட்டணம் 1,500 ரூபாய், சொந்தக் காசு. காலை முழுக்க ஸ்லைடு, தூக்கம்தான் வந்தது. மதியம் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள், அதுதான் விஷயம்.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம். புதுத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்று மேலிருந்து உத்தரவு, மறுத்தவர்களுக்குக் கசையடி. "நீங்கள் மாட்டிவிட்ட தலைப்பாகை எது?" என்று கேட்டார் பயிற்சியாளர். எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் டார்கெட்டை நானே ஏற்றிவிட்டு, மேலிடத்து உத்தரவு என்று புளுகியிருந்தேன்.

மறுநாள் லைனில் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும் சார்" என்றார் ஒரு அக்கா.

சாப்பாடு சுமார். சாம்பாரில் உப்பே இல்லை.