அரியமானில் காலை நடை: சித்திரைப் பிறப்பு விடுமுறையில் போய் வந்தவரின் கருத்து

அரியமான் கடற்கரை என்றாலே எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், பெரியவர்களுக்குக் கட்டுச்சோறு, மதியம் ஒரு குளியல் என்றுதான் பேச்சு. அதெல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது விடியற்காலை நடையைப் பற்றி. ராமநாதபுரம் கரையில் நடப்பதற்கு இதைவிடத் தோதான இடம் எனக்கு இதுவரை அமையவில்லை. குதிகால் வலி, முழங்கால் வலி என்று இருப்பவர்கள் இதை முழுவதும் படியுங்கள்.

பரமக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷினை மிதித்தே வலது குதிகால் வீணாகிவிட்டது. "நடக்கணும், ஆனா சிமெண்டு ரோட்டுல நடக்காதீங்க" என்றார் டாக்டர். எங்கள் தெருவில் சிமெண்டு தவிர வேறு என்ன இருக்கிறது? 2025இல் சித்திரை முதல் நாள் திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து, முந்தின வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரமும் வந்ததால், துணிகளைக் கொடுத்து முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். நான், வீட்டுக்காரர், மகள், எழுபது தாண்டிய அத்தை. அங்கிருந்து அரியமானுக்குக் காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி, மண்டபம் வருவதற்கு முன்னால் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

ஐந்தரை மணிக்கெல்லாம் மணலில் கால் வைத்துவிட வேண்டும். ஏப்ரல் பாதியில் அங்கே சூரியன் ஆறு மணிவாக்கில் எழுகிறது. ஏழரை ஆனால் வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த நேரம்தான் நடைக்கு உரியது.

முதலில் கடலைச் சொல்கிறேன். இது பாக் விரிகுடா. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும் கடல். தனுஷ்கோடியில் தெற்கே மன்னார் வளைகுடா எப்படிச் சீறும் என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஏரி போலத் தெரியும். மன்னார் பக்கத்தை ஆண் கடல், இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது பெண் கடலும் கலங்கும். பங்குனி, சித்திரையில் அலை என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் அத்தையைத் தண்ணீர் ஓரமாக நடக்கவிட எனக்குப் பயமே இல்லை.

நடக்கும் தரை எப்படி என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம். மேலே காய்ந்த மணலில் நடந்தால் பாதம் புதைந்து கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வந்துபோகும் இடத்தில் ஈர மணல் ஒரு பட்டையாகக் கெட்டித்துக் கிடக்கிறது. அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். குதிகால் பதியும் அளவுக்கு இளக்கம், புதையாத அளவுக்கு உறுதி. முதல் நாளே வலி குறைந்தது என்று கதை விட மாட்டேன். ஆனால் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது மாதிரி இருக்குமே, திங்கட்கிழமை அது கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கரை லேசாகக் கடல் பக்கம் சரிந்திருக்கிறது. கிழக்கே நடக்கும்போது இடது கால் தாழ்வாகவும், திரும்பும்போது வலது கால் தாழ்வாகவும் விழும். ஒரே பக்கமாக நெடுந்தூரம் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அங்கங்கே திரும்பித் திரும்பி நடந்தால் தொந்தரவில்லை. விடிவதற்கு முன்பே கிழக்குப் பக்கம் போய்விட்டு, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. கண் கூசாது.

அப்புறம் சவுக்குத் தோப்பு. கரையை ஒட்டி மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. காற்று உள்ளே நுழைந்தால் இரைச்சல் வேறு மாதிரி மாறிவிடுகிறது. கடல் இரைச்சலா, மர இரைச்சலா என்று மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். உதிர்ந்த சருகு மெத்தையாகக் கிடப்பதால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வெறுங்காலோடு போகாதீர்கள். சவுக்குக் காய்கள் சின்னச் சின்ன முள்ளுருண்டைகள், குதிகாலில் மிதித்தால் உயிர் போய்விடும். செருப்பும் சருகில் வழுக்கும். தோப்புக்குள் நடக்க ஷூ, ஈர மணலுக்கு வெறுங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பின் ஓரத்தில் அத்தைக்கு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். நடந்த நேரத்தைவிட அதில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அவர்களுக்கு அதிகம், ஆனாலும் மறுநாள் எங்கள் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி வாசலில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பௌர்ணமி. மேற்கே சவுக்கு உச்சியில் நிலா மங்கி இறங்கிக்கொண்டிருந்தபோதே கிழக்கே கரையோரமாகச் சூரியன் எழும்பிவிட்டது. நாட்காட்டியைப் பார்த்து இப்படி ஒரு காலைக்குத் திட்டமிட்டு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அந்த அக்காவைப் பார்த்தோம். தோப்பு முடிகிற இடத்தில் வலையை விரித்து உட்கார்ந்து, அதில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீலக்கால் நண்டு. இரண்டு கொடுக்கையும் ஒரு கையால் சேர்த்து அமுக்கிப் பிடித்து, மறுகையால் கண்ணியை ஒவ்வொன்றாக முள்ளிலிருந்து விலக்கி, ஒரு நூல்கூட அறுபடாமல் நண்டைக் கூடையில் போட்டார். நூலோடு பிழைக்கும் எனக்கு அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத் தீரவில்லை.

"எந்த ஊரு தாயி நீங்க?"

"பரமக்குடிக்கா. உக்காந்து பாக்கலாமா?"

"உக்காரு, உக்காரு. கைய மட்டும் வச்சிராத, புடிச்சுரும். நாளைக்கு ராத்திரியோட விசைப்படகெல்லாம் நின்னுரும், அப்புறந்தான் எங்க நண்டுக்கு நல்ல வெல வரும்."

அவர் சொன்னது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. கரையில் பழுப்பாக, ரிப்பன் துண்டுகள் மாதிரி குவிந்து கிடந்ததைக் காட்டி "ஏங்க்கா, இந்தக் குப்பைய யாரும் அள்ள மாட்டாங்களா?" என்று மகள் கேட்டாள். "குப்பை இல்ல பாப்பா, அது கடல்ல வளர்ற புல்லு. கடல்பசு அதத்தான் திங்கும். நண்டுக்குஞ்சு, எறாக்குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் ஒண்டிக்கிடக்கும்" என்றார். பாக் விரிகுடாவில் இந்தப் புல்வெளி பெரிய பரப்பில் இருக்கிறது. கரை ஒதுங்கிக் கிடக்கும் புல் கொஞ்சம் நாற்றம் அடிக்கும், கால் வழுக்கும். சுற்றிப் போய்விடுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

உண்மையான குப்பை வேறு இருக்கிறது, அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. முந்தின நாள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் விட்டுப்போன தட்டு, கப், பாட்டில். அதைவிட மோசம், தோப்புக்குள் உடைந்து கிடந்த கண்ணாடிச் சில்லு. காலையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது. நானும் மகளும் கையில் இருந்த பையில் முடிந்தவரை பொறுக்கினோம். வருகிறவர்கள் ஒரு பையைக் கூடவே எடுத்து வாருங்கள். பாட்டிலை உடைக்கிறவரைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள்.

கூட்டத்தைப் பற்றி. ஒன்பது, பத்து மணிக்கு மேல் வேன்கள் வர ஆரம்பித்துவிடும். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிறவர்களும் உள்ளே வந்துவிட்டுப் போகிறார்கள். சித்திரைப் பிறப்பன்று இன்னும் அதிகம். அந்த ஏப்ரல் 6ஆம் தேதிதான் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்திருந்தார்கள். அதைப் பார்க்கப் போகிற வண்டிகளும் சேர்ந்து சாலை நிறைந்துவிட்டது. நாங்களும் ஒருநாள் நடையை முடித்துவிட்டு அங்கே போனோம். தூக்குப்பாலம் அருமைதான், ஆனால் வெயிலில் சாலைப் பாலத்து ஓரம் நின்று பார்ப்பது வயதானவர்களுக்கு ஆகாது.

விடிகிற நேரத்தில் டீ கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். பிளாஸ்கில் கொண்டு வந்துவிடுங்கள், தண்ணீரும்தான். பசி என்றால் திரும்பும் வழியில் இருக்கிறது மருந்து: பதநீர். உச்சிப்புளிப் பக்கம் பனைமரம் வரிசையாக நிற்கும் ஊர். சித்திரையில் சாலையோரம் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள். பச்சை ஓலையை மடித்து, ஒரு முனையை ஈர்க்கால் கட்டிப் பட்டை பிடித்துக் கையில் கொடுத்து, அதில் ஊற்றி, மேலே நுங்கைப் பிய்த்துப் போடுவார்கள். டம்ளரில் வேண்டாம், பட்டையிலேயே குடியுங்கள். ஓலை வாசனையும் சேர்ந்து இறங்கும். அத்தை இரண்டாவது பட்டைக்கும் கை நீட்டினார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது. அப்படியும் காலையில் குடிக்கும் ருசி நேரம் போகப் போக இறங்கிவிடும். எட்டு மணிக்குள் குடித்துவிடுவது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனிப்பு கூடுதல்.

பஸ்ஸில் வருகிறவர்கள் பிரதான சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டியிருக்கும். விடியற்காலையில் அங்கே ஆட்டோ நிற்காது. முதல் நாளே உச்சிப்புளியில் ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்து, திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.