கூஜோவின் தெருக்களில் தேய்ந்த என் கெத்தா

ஜப்பானின் நாகோயாவுக்குக் குடிவந்ததிலிருந்து ஆகஸ்ட் வந்தால் எனக்குக் கால் வீட்டில் தங்குவதில்லை. கிஃபு மாகாணத்துக் கூஜோ ஹச்சிமானில் 13 முதல் 16 வரை நான்கு இரவுகள் விடிய விடியத் தெருவில் நடனம். யுகாத்தா என்னும் கோடைப் பருத்தி அங்கி உடுத்தி, கெத்தா என்னும் மரச்செருப்பு மாட்டி ஊரே ஆடும். வெளியூர்க்காரரும் வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். பாட்டுக்குத் தாளம் போடுவதே நூற்றுக்கணக்கான கெத்தாக்களின் சத்தம்தான். ஆடுவதற்குக் கெத்தா வாங்குபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2018இல் வாங்கிய முதல் ஜோடி பவுலோனியா மரம். தக்கைபோல் லேசு, வியர்வையையும் இழுத்துக்கொள்ளும். கடைத்தெரு வரை நடந்துவர அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் அடியில் குறுக்காக நிற்கும் கட்டைகளான பற்கள் தனியாக ஒட்டப்பட்டவை என்று கடையில் யாரும் சொல்லவில்லை. 'ஹருகோமா' பாட்டுக்குத் துள்ளி மிதித்தபோது ஒரு பல் பெயர்ந்து ஓடியது. மீதி இரவு நான் ஓரமாக நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு, ஒரே கட்டையில் பல்லோடு சேர்த்துச் செதுக்கிய ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மர ஜோடி வாங்கினேன். சற்றுக் கனம், ஒலியோ கணீரென்று இருக்கும். 2020, 2021இல் கொரோனாவால் தெருவில் இறங்கி ஆட முடியவில்லை. அந்த இரண்டு கோடை போக, இன்றுவரை இதில்தான் ஆடுகிறேன்.

முதல் இரவிலேயே விரலிடுக்கில் கொப்புளம். குற்றம் செருப்பில் இல்லை. ஹனாவோ என்னும் துணிவாரில் காலை முட்டும்வரை திணித்திருந்தேன். விரலிடுக்குக்கும் வாருக்கும் நடுவே சிறு இடம் விட்டு, குதிகால் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி போட வேண்டும். வலது இடது பேதமில்லாத கெத்தா என்பதால், கால் மாற்றிப் போட்டுவந்தால் தேய்மானமும் சமமாகும்.

2023இல் முன்வார் அறுந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார். தம் தெனுகுயித் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். அதன் ஓரம் மடித்துத் தைக்கப்படாததால் நேராகக் கிழிந்து வந்தது. நடுவில் துளையுள்ள ஐந்து யென் நாணயத்தில் அந்த நாடாவைக் கோத்து, இரு முனைகளையும் செருப்பின் அடியிலிருந்து அதன் முன்துளை வழியே மேலே இழுத்து, வாரோடு சேர்த்து முடிச்சிட்டார். நாணயம் அடியில் பிடித்துக்கொண்டது. விடியும்வரை ஆடினேன். பிறகு கடையில் ஹனாவோவை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டேன். அளவும் என் காலைப் பார்த்தே இறுக்கித் தந்தார்கள்.

நனைந்த ஓட்டுத்தரையிலும் ரயில் நிலையப் படியிலும் கவனம், கட்டாயம் வழுக்கும். சத்தத்துக்காகவும் தரை கீறும் என்பதற்காகவும் சில கட்டடங்களில் அனுமதிப்பதில்லை. மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். நிழலில் சாய்த்து வையுங்கள். அடியில் ரப்பர் ஒட்டியவை நடக்க நல்லவை, ஆட்டத்துக்கு ஊமை.

ஐந்து சென்டிமீட்டர் இருந்த பல் இப்போது மூன்றரை. இன்னும் இரண்டு ஆகஸ்ட் தாங்கும்.