ஆர்க்கைவ்: பல வருடம் பயன்படுத்தியபின்

இயற்பியலில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க நான் முதலில் திறப்பது, ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பெரும்பாலும் ஜர்னலில் வருமுன்பே ஏற்றிவிடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தைத்தான். ஜர்னல்கள் எல்லாம் அப்புறம்தான். 1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கியது. 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. படிக்கவும் காசில்லை, கட்டுரை ஏற்றவும் காசில்லை. ஜர்னல் சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவரைக் கேட்டுப்பாருங்கள், இதன் அருமை தெரியும்.

புதுப் பட்டியல் நமக்கு வார நாட்களில் விடிகாலை ஐந்தரைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் ஆறரை. காபியோடு தலைப்புகளை மேய்வது பழக்கமாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய பதிப்புகள் அழியாமல் இருப்பது. கட்டுரையைத் திருத்தினாலும் திரும்பப் பெற்றாலும், முதலில் என்ன எழுதினார்கள் என்பதை யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ பொருளில் 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 டிகிரியில், மீகடத்தலை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதை) கண்டதாக ஒரு கட்டுரை ஏற்றினார்கள். ஆகஸ்டில் எம்.ஐ.டி.யிலிருந்த பிரையன் ஸ்கின்னர் அதன் வரைபடம் ஒன்றைக் கூர்ந்து பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலத்தில் எடுத்த இரண்டு அளவீடுகளில் புள்ளிகளின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒத்துப்போனது. அளவீட்டில் வரும் இந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்பார்கள், அது தற்செயலாக வருவது; தனித்தனி அளவீடுகளில் அது ஒன்றுபோல இருக்க வாய்ப்பில்லை. அதைச் சிறு குறிப்பாக எழுதி ஆர்க்கைவிலேயே போட்டார். மறு வருடம் மேலும் சில ஆய்வாளர்கள் சேர்ந்து, கூடுதல் தரவுகளோடு கட்டுரையின் திருத்திய பதிப்பு வந்தது. எல்லாம் ஊரறிய நடந்தது.

குறை என்னவென்றால், கட்டுரைக்குக் கீழே விவாதிக்க இடமில்லை. கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் (PubPeer) தளம், எக்ஸ் (பழைய ட்விட்டர்) என்று பேச்சு சிதறிப்போகிறது. இன்று அந்த 2018 கட்டுரையைத் திறக்கும் மாணவர், யார் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று தேடிப்போனால்தான் மறுப்பு கண்ணில் படும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உயிரியலில் ஈலைஃப் இதழ் 2023-இலிருந்து, மதிப்பாய்வுக்கு எடுத்த கட்டுரையை ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவே இல்லாமல், மதிப்பாய்வாளர் சொன்னதையும் சேர்த்தே வெளியிடுகிறது. அதுபோல இங்கேயும் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்க்கைவில் கட்டுரை தளத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கும் நெறியாளர்கள் உண்டு, ஆனால் சக ஆய்வாளர் மதிப்பாய்வு கிடையாது. சுருக்கத்துக்குக் கீழே உள்ள குறிப்பு வரியையும் படியுங்கள். ஜர்னல் ஏற்றுக்கொண்டதா, பிழை திருத்தியிருக்கிறார்களா என்பதைப் பெரும்பாலும் ஆசிரியர்கள் அங்கேதான் எழுதுவார்கள்.