ரகசியச் செய்தி விளையாட்டுக் கருவிகள்: எந்த வகையை வாங்கலாம்?

சங்கேதச் செய்தி அனுப்பி விளையாடும் மின்னணுக் கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், எழுத்தை மறைக்கும் முறையில் பெரிதும் வேறுபடுகின்றன.

விளக்கொளியாலோ ஒலியாலோ புள்ளியும் கோடுமாகப் பேசும் மோர்ஸ் வகை கைக்கும் காதுக்கும் அருமையான பயிற்சி. ஆனால் அதன் அட்டவணை உலகத்துக்கே பொது என்பதால் அதை ரகசியக் கருவியாக நான் கொள்வதில்லை.

எழுத்துகளை வரிசையில் தள்ளி மாற்றும் நகர்த்தல் வகை, ஜூலியஸ் சீசர் கையாண்ட முறையைப் பின்பற்றுவது. உயிர்க்குறியையும் புள்ளியையும் தொடாமல், மெய்யெழுத்து வரிசையில் மூன்று இடம் தள்ளினால் 'மரம்' என்பது 'லழல்' ஆகிவிடும். தமிழில் 18 மெய்களே இருப்பதால் 17 நகர்த்தல்களையும் தாளில் போட்டுப் பார்த்தே விடையை எட்டிவிடலாம். அதுகூடத் தேவையில்லை, இரண்டு 'ம'வும் இரண்டு 'ல'வாகவே நிற்பது கூர்ந்து பார்ப்பவருக்குப் போதும். எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிச் சங்கேதத்தை உடைக்கும் வழியை 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்துவிட்டார். தொடக்க நிலையினர் தாமாகவே உடைத்து மகிழ இவ்வகை ஏற்றது.

எனக்குப் பிடித்தது கடவுச்சொல் வகை. இதில் எல்லா எழுத்தும் ஒரே அளவில் நகர்வதில்லை; கடவுச்சொல் தரும் எண் வரிசையே திறவுகோல், அதன்படி ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு அளவில் நகரும், எண்கள் தீர்ந்ததும் வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 3, 1, 5 என்பது திறவுகோலானால், அதே 'மரம்' இப்போது 'லலழ்' என்று மாறும்: வெவ்வேறான 'ம'வும் 'ர'வும் ஒரே 'ல'வாகின்றன, ஒரே 'ம' இரண்டாம் முறை 'ழ'வாகிறது. வெறும் எண்ணிக்கையை மட்டும் நம்பியவர் இங்கே தடுமாறிப்போவார். எனினும், திறவுகோல் திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டே அதன் நீளத்தைக் கண்டுபிடிக்கும் முறையைப் பிரஷ்யப் படை அதிகாரி கசிஸ்கி 1863இல் வெளியிட்டார். ஆகவே நீளமான கடவுச்சொல்லை ஏற்கும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

திறவுகோலே கேட்காமல், அதே மாதிரிக் கருவி வைத்திருக்கும் எவருக்கும் செய்தியைத் தானே விடுவித்துக் காட்டும் கருவிகளைத் தவிர்த்துவிடலாம். கருவி எதிரியின் கையில் சிக்கினாலும் திறவுகோல் காக்க வேண்டும் என்று 1883இல் சங்கேதவியல் அறிஞர் கெர்க்காஃப்ஸ் வலியுறுத்தியது விளையாட்டுக்கும் பொருந்தும்.

அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை நேருக்கு நேர் நிற்பவரிடம் மட்டுமே பேசும். வானொலி அலையில் இயங்குபவையோ, அதே அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். இதைப் பலர் குறையாகச் சொன்னாலும் நான் வானொலி வகையையே பரிந்துரைப்பேன். ஒருவர் அனுப்ப, ஒருவர் பெற, மூன்றாமவரும் ஒட்டுக்கேட்டு, 'லலழ்' என்று தாளில் குறித்துக்கொண்டு திறவுகோலைத் தேடி உட்காரும் ஆட்டம் அதில்தான் நடக்கும்.