இடது காதுக்கு எல், வலது காதுக்கு எம்

சின்ன வயதில் ஏழு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். அப்புறம் படிப்பு, வேலை என்று அது நின்றுவிட்டது. ஆனால் கச்சேரி எதைப் போட்டாலும் காது முதலில் தேடுவது தொப்பியைத்தான். ரவை பூசிய அந்த இடது பக்கம் எப்படிப் பேசுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் எனக்குப் பாட்டு, வயலின் எல்லாம். போன வருடம் வாங்கிய இயர்போன் என்னை அவ்வளவு வருத்தியதற்கு அதுதான் காரணம்.

விலை இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கிய அன்றைக்கே பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். வீட்டு ஸ்பீக்கரில் நூறு தடவை கேட்ட பதிவு. வலது பக்கத்தில் விழும் சாப்பு, மீட்டு போன்ற அடிகள் எல்லாம் பளிச்சென்று விழுந்தன. கும்கியைக் காணோம். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து எழுந்து வருமே ஒரு உருண்டையான நாதம், அந்த இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒரு ஓசைதான் இருந்தது. ஈக்வலைசரில் பாஸை, அதாவது தாழ்ந்த ஓசையை, ஏற்றிப் பார்த்தேன், சத்தம் மந்தமானதே தவிர கும்கி வரவில்லை. இயர்போனே சரியில்லை என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அலமாரியில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டு வரும்போது கூட்டம் நெருக்கியதில் ஒருவருடைய தோள்பை என் இடது காதில் அழுந்தியது. அந்த ஒரு நொடி, தொப்பி முழுசாகப் பேசியது. அவர் நகர்ந்ததும் போய்விட்டது. நானே விரலால் இயர்போனை லேசாக அழுத்திப் பார்த்தேன். வந்தது. விரலை எடுத்தேன். போனது. கூடுவாஞ்சேரி வரும்வரை இதையேதான் செய்துகொண்டிருந்தேன். இயர்போனில் ஒரு குறையும் இல்லை, அதன் முனையில் இருக்கும் ரப்பர் என் காதை அடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காதுக்குள் போகும் இயர்போன் ஒரு மூடிய அறையை நம்பி வேலை செய்கிறது. ரப்பருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இருக்கும் கொஞ்சம் காற்றை அது தள்ளி இழுக்கிறது. தாழ்ந்த ஸ்வரம் என்றால் அந்தத் தள்ளலும் இழுப்பும் மெதுவாக நடக்கும். ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாக நழுவிவிடும், அழுத்தம் சேராது. மேல் ஸ்வரங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அதனால் அடைப்பு சரியில்லாத இயர்போனில் பாட்டு கேட்கும், வயலின் கேட்கும், மிருதங்கத்தின் அடிப்பாகம் மட்டும் காணாமல் போகும். இதை ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீரை வேகமாக ஊற்றுவது போலத்தான்.

பெட்டியிலிருந்து வரும்போது எம் சைஸ் ரப்பர் மாட்டியே வரும். எஸ், எல் இரண்டும் ஒரு சின்ன பையில் இருக்கும். அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை. பிரித்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் வலது காதுக்கு எம் சரியாக இருந்தது, இடது காதுக்கு எல்தான் நின்றது. இரண்டு காதும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பது சாதாரண விஷயம்தான், நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. பெரிய ரப்பர் போட்டால் நன்றாக அடைக்கும் என்று எல்லா இடத்திலும் எல் சைஸையே திணிப்பதும் தப்பு. அளவு மீறினால் ரப்பரின் குடை உள்ளே மடிந்து சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தின் வழியாகவே காற்று கசியும். அரை மணியில் வலியும் வந்துவிடும். அப்படி வலதில் எல் போட்டுப் பார்த்த அன்றைக்கு, எழும்பூரில் இறங்கும்போது தாடை எலும்புக்குப் பக்கத்தில் விண்விண் என்றிருந்தது.

மாட்டும் முறையும் முக்கியம். காதுத் துளை நேர்க்குழாய் இல்லை, கொஞ்சம் வளைந்தது, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளம். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் அந்த வளைவு நிமிரும். அப்போது ரப்பரை உள்ளே விட்டு, மடலை விட்டுவிடுங்கள். பிறகு வாயை நன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். கொட்டாவி விடும்போதும் தொப்பியின் நாதம் அப்படியே இருந்தால் அளவு சரி. நீங்கள் கர்நாடக இசை கேட்கிறவர் இல்லையென்றால் தவிலோ, உறுமியோ, கிடாரின் தடித்த நரம்போ, எது உங்களுக்கு நன்றாகப் பழக்கமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சைஸ் தெரிந்துவிட்டது. ஆனால் கூட வந்த ரப்பர் முரடு. ஒரு மணி நேரப் பயணத்தில் காது சூடாகி அரிக்கும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் "ஹெட்செட் ரப்பர்" என்று கேட்டதும் கைப்பிடி அளவு அள்ளி மேசையில் போட்டார்கள். பத்து ஜோடி ஐம்பது ரூபாய். "எந்த மாடலுக்குப்பா இது?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தாண்ணே" என்றான் பையன். ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குடையின் விளிம்பில், அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு பிசிறு சுற்றிலும் ஓடியது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. காதுக்குள் தோல் எவ்வளவு மெல்லியது என்று யோசித்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். ஐம்பது ரூபாய்தானே என்று வாங்கினேன்.

மூன்றாம் நாள், பெருங்களத்தூர் தாண்டும்போது போன் வந்தது. இயர்போனை வெளியே இழுத்தேன். இயர்போன் வந்தது, ரப்பர் வரவில்லை. ரப்பரின் நடுக்குழாய் என் இயர்போன் முனையைவிட அகலம், பிடிப்பே இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்திருக்கிறது. விரலால் எடுக்கப் பார்த்ததில் இன்னும் உள்ளே போனது. நல்லவேளை, அதற்கு மேல் நோண்டவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். ஹேர்பின், தீக்குச்சி எதையும் விட்டுக் குடையாமல் வந்தது நல்லது என்றார். இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ரப்பர் வாங்கும்போது காதின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, இயர்போன் முனையின் அளவையும் பார்க்க வேண்டும். மாட்டியபின் ரப்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, சுலபமாகக் கழன்றால் அதைக் காதில் வைக்கவே கூடாது.

அதற்குப் பிறகுதான் காசு போட்டு நல்லதாக வாங்கத் தொடங்கினேன். இரண்டாயிரம் ரூபாய் இயர்போனுக்கு ஆயிரம் ரூபாய் ரப்பரா என்று என் மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இயர்போன் வீணானாலும் ரப்பர் அடுத்ததற்கும் உதவும், முனை அளவு ஒத்துவந்தால் போதும்.

இப்போது என் காதில் இருப்பது ஜப்பானைச் சேர்ந்த ஃபைனல் நிறுவனத்தின் டைப் இ. எஸ்எஸ் முதல் எல்எல் வரை ஐந்து அளவு. இந்த ஐந்துதான் அதன் பெரிய பலம், ஏனென்றால் பலருடைய காது எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கையில் எடுத்தால் குடை மெல்லியதாக, விரலுக்கு லேசாகப் பிசுபிசுக்கிற மாதிரி இருக்கும். அழுத்தினால் உடனே மடங்கி, விட்டதும் திரும்ப விரியும். நடுக்குழாய் மட்டும் கெட்டி. காதில் போட்டு ஐந்து நிமிடம் போனால் அது இருப்பதே மறந்துவிடுகிறது. கும்கி முழுசாக வருகிறது, அதைவிட எனக்கு என்ன வேண்டும்! முதல் தடவை வாங்குகிறவர்கள் ஒரே அளவை மூன்று ஜோடி வாங்காமல், எல்லா அளவும் கலந்த பாக்கெட்டை வாங்குங்கள்.

தைவானின் ஸ்பின்ஃபிட் சிபி100-உம் வைத்திருக்கிறேன். குடைக்கும் குழாய்க்கும் நடுவில் கழுத்து போல ஒரு இடம் இருக்கிறது, அதில் குடை எல்லாப் பக்கமும் சாயும். காதுத் துளை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் அதுவும் திரும்பிக்கொள்கிறது. ஒரு ஓரம் மட்டும் குத்துகிறது என்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். ஆழமாகப் போகும், அது சிலருக்குப் பிடிக்காது.

நுரை ரப்பர் தனி ஜாதி. அமெரிக்காவின் கம்ப்ளை இதில் பழைய பெயர். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு அரை நிமிடம் பிடித்துக்கொண்டால், காதுக்குள்ளேயே விரிந்து அந்த வடிவத்துக்குப் பொருந்திக்கொள்கிறது. இரைச்சலை அடைப்பதில் என் காதுக்கு இதற்கு நிகராக எந்த சிலிக்கானும் இல்லை. இரவு ரயிலில் மதுரைக்குப் போகும்போது இதுதான். ஆனால் நுரை மேல் ஸ்வரத்தைக் கொஞ்சம் விழுங்குகிறது, வயலினின் கீற்று மழுங்குகிறது. வியர்வையும் குறும்பியும் ஏறிவிட்டால் கழுவி மீட்க முடியாது. சென்னை வெயிலில் தினமும் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் விரிவதற்கே சோம்பல் படுகிறது, புதிது வாங்க வேண்டும். தினசரிக்கு நான் சொல்லமாட்டேன்.

எடிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த இஆர்-4 மாதிரி இயர்போன்களில் இருக்கும் மூன்றடுக்கு ரப்பரைப் பற்றியும் கேட்பார்கள். தவில் வாசிக்கும் என் நண்பர் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆழமாகப் போவதால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவது குறைகிறது என்பார், அது உண்மைதான். எனக்கு அந்த ஆழம் கூச்சமாக இருக்கிறது.

கம்பியில்லா இயர்போனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உயரமான ரப்பர் போட்டால் பெட்டி மூடாது, சார்ஜ் ஏறாது. அவற்றுக்கென்றே குட்டையாகச் செய்ததைத்தான் வாங்க வேண்டும். என் தங்கை ஏர்பாட்ஸ் புரோ வைத்திருக்கிறாள். 2019-இல் வந்த முதல் மாடலில் மூன்று அளவுதான். 2022-இல் வந்த இரண்டாவதில் எக்ஸ்எஸ் என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். அவளுக்குக் குழந்தைக் காது, அந்த எக்ஸ்எஸ்தான் நின்றது. போனில் அடைப்பைச் சோதித்துச் சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. பச்சை வந்தால் சரி.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் தொப்பி மட்டும் இல்லை. முன்பு ரயிலில் சத்தத்தை 15 கட்டத்தில் 12 வரை வைப்பேன், இப்போது 8 தாண்டுவதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் போகாமல் கேட்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச் சத்தம் உள்ளே வராவிட்டால்தான் அதைக் கடைப்பிடிக்க முடியும். அதே காரணத்தால் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ரயிலின் ஹாரனே மெல்லியதாகத்தான் கேட்கும்.

சிலிக்கான் ரப்பரை வாரம் ஒரு முறை இயர்போனிலிருந்து கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, ராத்திரி முழுக்கத் துணியில் காயவிடுகிறேன். ஈரத்தோடு போட்டால் காதில் பூஞ்சை பிடிக்கலாம்.

கடைசியாக அந்த முனை அளவு. கடைகள் பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லை, அதனால் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். தையல் நூலை முனையில், ரப்பர் உட்காரும் இடத்தில், ஒரு சுற்று சுற்றிக் குறியிட்டு, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். வந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. எனக்கு நூல் 17 மில்லிமீட்டர் வந்தது, அதாவது 5.4. பாக்கெட்டின் பின்பக்கத்தில் எந்த அளவு முனைக்குப் பொருந்தும் என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ஃபைனலை வாங்கினேன். அந்த ரப்பர் ஒரு தடவைகூடக் கழன்று காதுக்குள் தங்கவில்லை.